பிற்கால உரோம வெள்ளி நாணயப் பெயர்கள்: சொல்லும் பொருளும்

நாணயத்தின் பெயரும் அது சுட்டும் பொருளும் ஒருசேர மாறுவதில்லை. பிற்கால உரோமப் பேரரசின் வெள்ளி நாணய வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

கி.மு. 211 அளவில் தோன்றிய தெனாரியசு என்னும் வெள்ளி நாணயத்தின் பெயர், பத்து ஆசு என்னும் செப்புக்காசுகளின் மதிப்புடையது எனப் பொருள்படும். கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் அம்மதிப்பு 16 ஆசாக உயர்ந்தபோதும் பெயர் மாறவில்லை. கி.பி. 64இல் நீரோ அதன் எடையையும் வெள்ளித் தரத்தையும் குறைத்தார். 215இல் காரகல்லா, கதிர்முடி சூடிய தம் தலையுருவம் பொறித்த புதிய நாணயத்தை வெளியிட்டார். இரண்டு தெனாரியசு மதிப்புடையதாகக் கருதப்படும் அதில் ஏறத்தாழ ஒன்றரைத் தெனாரியசின் வெள்ளியே இருந்தது. 270 அளவில் அவ்வெள்ளியும் நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே சரிந்தது. அந்தோனினியானசு என இன்று வழங்கும் அதன் பெயர் நாணயவியலார் இட்டதே.

294 அளவில் தயோக்கிளேசியன், ஓர் உரோம இராத்தலுக்கு 96 வீதம் தூய வெள்ளி நாணயங்களை அச்சிட்டார். சிலவற்றில் அவ்வெண்ணே பொறிக்கப்பட்டது. ஆயினும் 301இல் அவர் பிறப்பித்த விலை ஆணை எல்லா விலைகளையும் தெனாரியசிலேயே கூறுகிறது. ஓர் இராத்தல் பொன்னுக்கு 72,000 தெனாரியசு என்பது அவ்வாணையின் கணக்கு. இங்குத் தெனாரியசு என்பது கைக்காசன்று. கணக்கு அலகு மட்டுமே. அதனை ‘வெள்ளிக்காசு’ என மொழிபெயர்ப்பின், பொன்விலை பன்மடங்கு பெருகித் தோன்றும்.

நான்காம் நூற்றாண்டு வெள்ளி நாணயத்திற்கு வழங்கும் சிலிகுவா என்னும் பெயரிலும் இத்தகைய சிக்கல் உண்டு. அது கரோப் மரத்தின் விதையைக் குறிக்கும் சொல். தமிழகப் பொற்கொல்லர்க்குக் குன்றிமணி எவ்வாறோ, உரோமர்க்கு அவ்விதை அவ்வாறே நிறையளவு ஆயிற்று. கான்சுதந்தைனின் சோலிதசு என்னும் பொன் நாணயத்தின் 24இல் ஒரு பங்கு சிலிகுவா. அவ்விதையின் கிரேக்கப் பெயரே அரபு வழியாகக் காரட் ஆயிற்று. வெள்ளி நாணயத்திற்கு இப்பெயரை இட்டதும் பிற்கால வழக்கே. எனவே பழைய ஆவணங்களில் சிலிகுவா எனக் காணுமிடமெல்லாம் வெள்ளி எனக் கொள்ளுதல் பொருந்தாது.

வெள்ளியை இழந்த தெனாரியசு சொல்லளவில் நெடுந்தொலைவு சென்றது. குப்தர் கல்வெட்டுகளில் தீனாரம் என்பதும், அரபியில் தினார் என்பதும் பொன் நாணயங்களையே குறித்தன. இசுபானிய மொழியில் தினேரோ எனத் திரிந்து, பணம் என்னும் பொதுப்பொருள் பெற்றது. ஆகவே நாணயப் பெயரை மொழிபெயர்ப்போர், சொற்பிறப்பை மட்டும் நம்பாது, ஆவணத்தின் காலத்தையும் அக்காலத்து வழக்கையும் முதற்கண் தெளிதல் வேண்டும்.