கடலோரத்தில் வீடு கட்டுறீங்களா? தரைக்கு எது செட் ஆகும்... டைல்ஸா, கிரானைட்டா, ரெட் ஆக்சைடா?

ராமேஸ்வரத்துக்கு மே மாதம் வந்து போனவர்களுக்கு இது தெரியும். மதிய வெயிலில் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டால், கல் தரையில் நிற்க முடியாது. நாலு எட்டு ஓடித்தான் நிழலைப் பிடிக்க வேண்டும். அப்படியே உள்ளே நுழைந்து பிரகாரத்துக் கல்லில் கால் வைத்தால், அப்பாடா என்று இருக்கும்.

வெளியே சுடும் கல், உள்ளே ஏன் குளிர்கிறது? இதற்குப் பதில் தெரிந்தால், புது வீட்டுக்குத் தரை தேர்வு செய்வதும் சுலபம். ஆனால் பாம்பன், மண்டபம், கீழக்கரை, தொண்டி என்று கடலை ஒட்டி வீடு கட்டுபவர்களுக்கு, வெப்பத்தைவிடப் பெரிய பிரச்னை ஒன்று தரைக்கு அடியிலேயே இருக்கிறது. அதையும் சேர்த்துப் பார்க்கலாம்.

தரை ஏன் ஜில்லுனு இருக்கு?

நிழலில் இருக்கும் தரை, நம் உடம்பைவிடக் கொஞ்சம் சூடு குறைவாக இருக்கும். அதில் கால் வைத்ததும் பாதத்தின் சூடு தரைக்குப் போகும். அது எவ்வளவு வேகமாகப் போகிறதோ, அவ்வளவு ஜில்லென்று தெரியும். கிரானைட் வெப்பத்தைக் கடத்தும் திறன், மரத்தைவிட ஏறத்தாழ 15 முதல் 20 மடங்கு அதிகம். டைல்ஸ், சிமென்ட் தரை இரண்டும் கிரானைட்டைவிடக் குறைவாகக் கடத்தினாலும், மரத்தைவிடப் பல மடங்கு அதிகம். அதனால்தான் ஒரே அறையில், ஒரே வெப்பநிலையில் இருந்தாலும், மரப்பலகை இதமாகவும் கல் குளிர்ச்சியாகவும் தெரிகிறது.

வெயில் நேரடியாக விழுந்தால் கதை தலைகீழ். கருப்புக் கல் 50 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். அந்தச் சூட்டை அதே வேகத்தில் காலுக்குத் தள்ளும். தமிழ்நாட்டின் பல கோயில்களில் நடைபாதையில் வெள்ளை கூலிங் பெயிண்ட் அடிப்பதும், தேங்காய் நார் விரிப்பு போடுவதும் இதற்காகத்தான். வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பும். நார் விரிப்பு, சூடு காலுக்கு ஏறுவதைத் தடுக்கும்.

வெளிநாட்டில் தரையையே சூடாக்குறாங்களே?

கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் சொந்தக்காரர் வீடியோ காலில் காட்டியிருப்பார். குளியலறை டைல்ஸுக்கு அடியில் மின்கம்பி வலை பதித்து, தெர்மோஸ்டாட் மூலம் தரையைச் சூடாக்குவார்கள். கொரியாவில் அடுப்புப் புகையைக் கல் தரைக்கு அடியில் செலுத்திச் சூடாக்கும் 'ஒண்டோல்' முறை பல நூற்றாண்டுப் பழக்கம். இப்போதைய மின்சாரத் தரையும் அதே யோசனைதான்.

அங்கேயும் எந்தத் தரை என்பதைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். டைல்ஸும் கல்லும் சூட்டை நன்றாகக் கடத்துவதால் முதல் தேர்வு. மரம், வினைல் தரை என்றால் மேற்பரப்பு சுமார் 27 டிகிரிக்கு மேல் போகாமல் கட்டுப்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் பலகை வளையும், இடைவெளி விடும். தடிமனான கார்ப்பெட் போட்டால் சூடு மேலே வராமல் மாட்டிக்கொள்ளும். மின்வலை பொதுவாக ஒரு சதுர மீட்டருக்கு 100 முதல் 200 வாட் வரை எடுக்கும். 10 சதுர மீட்டர் அறைக்கு 150 வாட் வலை போட்டு 4 மணி நேரம் தொடர்ந்து ஓட்டினால், 6 யூனிட் மின்சாரம்.

நம்ம ஊருக்கு இது தேவையே இல்லை. ஆனால் பாடம் ஒன்றுதான். அங்கே சூட்டை மேலே கொண்டுவர உதவும் அதே டைல்ஸும் கல்லும்தான், இங்கே காலின் சூட்டைக் கீழே இறக்கிவிடுகின்றன.

உண்மையான வில்லன்: உவர்

ராமநாதபுரம் கடலோரத்தில் பல இடங்களில் நிலத்தடி நீர் உப்பு. அந்த ஈரம், மண்ணிலிருந்து சிமென்ட்டின் நுண்துளைகள் வழியாக மேலே ஏறும். மேலே வந்ததும் தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு மட்டும் தங்கிவிடும். இதைத்தான் 'உவர் ஏறுது' என்கிறோம். முதலில் வெள்ளைப் பொடி பூக்கும். பிறகு பெயிண்ட் உரியும், பூச்சு உதிரும், தரையின் மேல்தோல் பொரிந்து வரும்.

பலர் செய்யும் தவறு இங்கேதான். பழைய தரையில் உவர் தெரிந்தால், 'மேலே டைல்ஸ் ஒட்டிட்டா சரியாப் போயிடும்' என்று நினைக்கிறார்கள். டைல்ஸ் ஈரத்தை விடாது என்பது உண்மை. ஆனால் அடியில் இருக்கும் ஈரம் எங்கே போகும்? இணைப்புக் கோடுகள் வழியாகவும், பக்கத்துச் சுவர் வழியாகவும் ஏறும். தரையில் மறைத்த உவர், சுவரில் வந்து நிற்கும்.

பழைய வீடுகள் எப்படித் தாங்கின என்று கேட்கலாம். ராமேஸ்வரம் மசூதித் தெருவில் அப்துல் கலாம் வளர்ந்த வீடு, 19ஆம் நூற்றாண்டின் நடுவில் சுண்ணாம்புக் கல்லாலும் செங்கல்லாலும் கட்டப்பட்டது. அந்தக் காலத்துச் சுண்ணாம்புக் கட்டுமானம், உள்ளே வரும் ஈரத்தைக் காற்றில் விட்டுவிடும். சிமென்ட், டைல்ஸ், பிளாஸ்டிக் பெயிண்ட் என்று எல்லாப் பக்கமும் அடைத்துவிட்ட இன்றைய வீட்டில் அந்த வசதி இல்லை. எனவே ஈரத்தை அடியிலேயே நிறுத்தியாக வேண்டும்.

எந்தத் தரை எப்படி?

விட்ரிஃபைட் டைல்ஸ்: தண்ணீரை உறிஞ்சுவது 0.5 சதவீதத்துக்கும் குறைவு. உப்பும் கறையும் உள்ளே போகாது. ஆனால் உறிஞ்சாத காரணத்தால், வெறும் சிமென்ட் பாலில் பிடிப்பு சரியாக இருக்காது. சில வருடங்களில் டைல்ஸ் எழும்பி 'டப்'பென்று வெடிப்பது இதனால்தான். ஐ.எஸ். 15477 தரமுள்ள ஒட்டும் பசை பயன்படுத்தவும்.

கிரானைட்: கடலோரத்துக்கு உறுதியானது, குளிர்ச்சியானது. உள் தரைக்கு எந்த நிறமும் ஓகே. வெயில் விழும் வாசல், முற்றத்தில் கருப்பு வேண்டாம்.

மார்பிள்: அழகுதான். ஆனால் புளி, எலுமிச்சை, பாத்ரூம் ஆசிட் பட்டால் பளபளப்பு போய்விடும். உவர் ஏறும் இடத்தில் கறை பிடிக்கும்.

ரெட் ஆக்சைடு: சிமென்ட்டும் செந்நிற ஆக்சைடு பொடியும் கலந்து, கரணையால் தேய்த்து மெருகேற்றும் தரை. காலுக்கு இதம், இணைப்புக் கோடே இல்லை. கைதேர்ந்த கொத்தனாரும், நல்ல தண்ணீரில் முறையான கியூரிங்கும் கட்டாயம். உப்புத் தண்ணீரில் கலந்தால் சிவப்பில் வெள்ளை பூத்துவிடும்.

ஆத்தங்குடி கல்: பக்கத்து சிவகங்கை மாவட்டத்தில் கண்ணாடித் தட்டின் மேல் கையால் வார்ப்பது. சூளையில் சுடுவதில்லை, தண்ணீரில் ஊறவைத்துக் கெட்டியாக்குகிறார்கள். நுண்துளை உள்ளது என்பதால், அடியில் ஈரத் தடுப்பு இல்லாத வீட்டில் போட வேண்டாம். ஆசிட் படக் கூடாது.

மரம், லேமினேட்: கடல் காற்றின் ஈரத்தில் உப்பும், வளையும். கரையான் பயமும் உண்டு. இந்தக் கடலோரத்தில் தரைத்தளத்துக்குத் தவிர்ப்பது நல்லது.

வழுக்கினால் என்ன ஆகும்?

கடைக்காரர் கண்ணாடி மாதிரி மின்னும் டைல்ஸைத்தான் முதலில் காட்டுவார். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் கொஞ்சம் யோசிக்கவும். ஈரக் காலோடு ஒருமுறை வழுக்கி இடுப்பு எலும்பு முறிந்தால், அறுபது எழுபது வயதில் எழுந்து நடப்பதே பெரும்பாடு. அட்டைப் பெட்டியில் ஆர்9 முதல் ஆர்13 வரை வழுக்கல் தடுப்புக் குறியீடு இருக்கும். எண் கூடக்கூட பிடிப்பு கூடும். குளியலறை, பின்கட்டு, வாசல்படிக்கு ஆர்10 அல்லது ஆர்11 கேளுங்கள். கடையில் ஒரு டைல்ஸில் தண்ணீர் ஊற்றி, வெறுங்காலால் தேய்த்துப் பார்த்துவிட்டு வாங்குவது இன்னும் நல்லது.

மாடி அறைக்குத் தரையை மாற்றினால் குளிருமா?

குளிராது. தரைத்தளத்துத் தரைக்கு அடியில் மண் இருக்கிறது, அது சூட்டை இழுத்துக்கொள்ளும். மாடியில் அந்த வசதி இல்லை. தவிர, பகல் முழுக்கக் காய்ந்த கான்கிரீட் கூரை, ராத்திரி வரை சூட்டைக் கீழே இறக்கும். அங்கே விலை கூடிய கிரானைட் போடும் பணத்தை மொட்டை மாடிக்குச் செலவிடுங்கள். சுண்ணாம்பு ஜல்லி போட்டு தட்டோடு பதிக்கலாம். வெள்ளை கூல் டைல்ஸ் ஒட்டலாம். வருடா வருடம் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால்கூட வித்தியாசம் தெரியும்.

வேலை தொடங்கும் முன் இதைப் பாருங்க

1. தண்ணீரைச் சோதியுங்கள். ஐ.எஸ். 456 விதிப்படி, கம்பி உள்ள கான்கிரீட்டுக்கான நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. கம்பி இல்லாத கான்கிரீட்டுக்கு 2,000 வரை. கடல் நீரில் இது சுமார் 19,000. நாக்கில் வைத்துப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கட்டணம் கட்டிச் சோதிக்கலாம்.

2. கடற்கரை மணல் ஒரு சட்டிகூட வேண்டாம். பேஸ்மட்டத்தை நிரப்பவும் கூடாது.

3. தரை கான்கிரீட் போடும் முன், மண்ணின் மேல் 250 மைக்ரான் பாலித்தீன் ஷீட் விரிக்கவும். ஓரங்களைச் சுவரோரம் ஏற்றிவிடவும், ஓட்டை விழாமல் பார்க்கவும்.

4. பேஸ்மட்டத்துக்கு மேல், சுவர் எழுப்பும் முன் ஈரத் தடுப்பு அடுக்கு போடச் சொல்லவும்.

5. டைல்ஸுக்கு நடுவில் ஸ்பேசர் வைத்து இடைவெளி, சுவரோரம் சிறு இடைவெளி. ஒட்டவே ஒட்ட வேண்டாம், வெயிலில் விரிய இடம் வேண்டும்.

6. வேலை முடிந்ததும் ஒவ்வொரு டைல்ஸையும் நாணயத்தால் தட்டவும். 'டொக் டொக்' என்று பொள்ளல் சத்தம் வந்தால், கூலியைத் தீர்ப்பதற்கு முன்பே மாற்றச் சொல்லவும்.

ஏற்கெனவே உவர் ஏறிய வீடா? அவசரப்பட்டு மேலே டைல்ஸ் ஒட்ட வேண்டாம். உதிர்ந்த பூச்சை எடுத்துவிட்டு, ஈரம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள். கழிவுநீர்க் குழாய்க் கசிவும் காரணமாக இருக்கலாம்.

வளைகுடாவில் பத்து வருடம் உழைத்த பணமோ, வங்கிக் கடனோ, வீட்டில் போடுவது ஒருமுறைதான். டைல்ஸ் பிடிக்கவில்லை என்றால் பிறகு மாற்றிக்கொள்ளலாம். அடியில் விரிக்காமல் விட்ட பாலித்தீன் ஷீட்டை, தரையை உடைக்காமல் யாராலும் விரிக்க முடியாது.