ஐயத்தின் பலன் யாருக்கு? பந்தெறிதல் விதியின் இரு வாசகங்களும் முரளிதரன் வழக்கும்

இலங்கைச் சுழற்பந்து வீச்சாளர் முத்தையா முரளிதரனுக்காகக் கிரிக்கெட் விதி வளைக்கப்பட்டது என்ற கருத்து இத்துறை எழுத்துகளில் முடிந்த முடிபுபோல் வழங்கிவருகிறது. 2005 மார்ச்சில் முழங்கை நீட்டத்துக்கு நடைமுறைக்கு வந்த 15 பாகை வரம்பை அதற்குச் சான்றாகக் காட்டுவர். இவ்வாசிப்பு மாற்றத்தைத் தவறான ஆண்டில் தேடுகிறது. விதி மாறியது 2000இல். மாறியதும் பாகைக் கணக்கன்று, ஐயத்தின் பலன் யாரைச் சேரும் என்பதே.

1980 விதித்தொகுப்பின் 24ஆம் விதியைப் பொறுமையாகப் படிக்க வேண்டும். ஒரு பந்துவீச்சு முற்றிலும் முறையானது என்பதில் இரு நடுவர்களில் ஒருவருக்கேனும் முழு நிறைவு இல்லையெனில், அவர் உடனே ‘நோ பால்’ அறிவிக்க வேண்டும் என்கிறது அது. எறிந்தார் என்று நடுவர் உறுதிகொள்ளத் தேவையில்லை. எறியவில்லை என்று உறுதிகொள்ள இயலாமற் போனாலே போதும். விதியோடு சேர்ந்த குறிப்பின் வரையறையும் அவ்வழிப்பட்டதே. பந்து கையை விட்டு நீங்குவதற்குச் சற்று முன் கை முழுதாகவோ ஓரளவோ நிமிர்வதாக நடுவர் கருதினால், அது எறிதல். நடுவரின் கருத்து வரையறைக்குள்ளேயே அமர்ந்திருப்பதால், உண்மையில் எறிந்தாரா என்று தனியே கேட்க இடமே இல்லை.

1995 டிசம்பர் 26 அன்று மெல்பர்னில் நடுவர் டாரெல் ஹேர் முரளிதரனை ஏழு முறை ‘நோ பால்’ என அறிவித்ததை இந்த வாசகத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும். ஹேர் அன்றைய விதியை மீறவில்லை. முரளிதரன்மேல் அன்புள்ள பலர் இதை ஏற்கத் தயங்குகின்றனர்; தயங்க வேண்டியதில்லை. ஐயமே தீர்ப்பாக இருந்த விதியின்கீழ் அவர் தம் ஐயத்தை அறிவித்தார். அந்த அறிவிப்பு முரளிதரன் எறிந்தார் என்பதற்குச் சான்றாகாது என்பதும் அதே வாசகத்திலிருந்து பெறப்படும். அன்று ஹேர் நின்றது பந்துவீச்சாளர் முனையில். முரளிதரனுடையதுபோல் பிறவியிலேயே முழுதாக நிமிராத ஒரு முழங்கை, தோளும் மணிக்கட்டும் சுழலும்போது, பின்னிருந்து பார்ப்பவர்க்கு நிமிர்வதுபோலத் தோன்றும். முனை மாற்றி மற்ற நடுவர் ஸ்டீவ் டன் பக்கமிருந்து முரளிதரன் மேலும் 12 ஓவர்கள் வீசினார். ஒரு ‘நோ பால்’கூட எழவில்லை. 1996 ஜனவரி 5 அன்று பிரிஸ்பேனில் நடுவர் ராஸ் எமர்சன் அவருடைய லெக் பிரேக்கையும் விட்டுவைக்கவில்லை. முழங்கையை நிமிர்த்தி லெக் பிரேக் எறிவது அரிதினும் அரிது. பந்தின்மேல் எழ வேண்டிய ஐயம் ஆளின்மேல் படிந்துவிட்டது என்றே இதைக் கொள்கிறேன்.

2000 தொகுப்பு இந்த அமைப்பைக் கலைத்தது. கை தோள் மட்டத்தை எட்டியதிலிருந்து பந்து நீங்கும்வரை முழங்கை மூட்டு நிமிரலாகாது என்று வரையறை உடலைப் பற்றியதாயிற்று. நடுவரின் கருத்து நடைமுறைப் பிரிவுக்கு நகர்ந்தது. அங்கும் பந்து எறியப்பட்டது என்றே அவர் கருத வேண்டும். நிறைவின்மை போதாது. இது வெறும் மொழித் திருத்தம் என்பாருக்கு நீண்ட விடை தேவையில்லை: மெய்ப்பிக்கும் சுமை இடம் மாறினால் விதியே மாறியதாகும். மூட்டைப் பற்றிய வரையறை வந்தபின் அளவுகோல் வருவது காலக் கேள்வி மட்டுமே.

2004இல் மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகச் சோதனையில் முரளிதரனின் ‘தூஸ்ரா’ என்ற வகைப் பந்துக்கு 14 பாகை நீட்டம் கண்டதும், திருத்தத்துக்குப் பின் அது 10 பாகையளவுக்குக் குறைந்ததும், சுழலருக்கு அன்றிருந்த வரம்பு 5 என்பதும் எதிர்த்தரப்பின் வலிய சான்றுகள். ஆயின் 5, 7.5, 10 என வேகத்துக்கேற்ப வகுத்த அந்த எண்களுக்கு விதி வாசகத்தில் இடமில்லை. வாசகம் கேட்பது சுழியம். அதிவேகப் படக்கருவிகள் காட்டியபடி, நேரான கையர் எனப் பேர்பெற்றவர்களின் முழங்கையும் சிறிதளவு நீளவே செய்கிறது. வெறுங்கண்ணுக்கு நீட்டம் புலப்படத் தொடங்கும் அளவை ஒட்டி 15 வகுக்கப்பட்டது. எல்லாருக்கும் ஒன்றாகவே வகுக்கப்பட்டது. ஆய்வகத்தில் அடக்கி வீசியிருக்கலாமே என்ற வாதத்தை ஆட்டப் படங்களோடு ஒப்பிட்டே தீர்க்கலாம். அது முரளிதரனுக்கு மட்டும் உரியதுமன்று.

இன்னொன்றும் கவனிக்கப்படவில்லை. 15 என்பது ஐசிசியின் ஒழுங்குமுறை. எம்.சி.சி. வெளியிடும் விதித்தொகுப்பில், 2017இல் 21ஆம் விதியாக எண் மாறிய பின்னும், பாகை என்ற பேச்சே கிடையாது. வளைக்கப்பட்டதாகச் சொல்லப்படும் விதியில் அந்த எண் எழுதப்படவே இல்லை.

இந்த வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. 2014இல் ஐசிசி ஏற்பளித்த சோதனை மையங்களில் ஒன்று சென்னைப் போரூரில் உள்ளது. பழவேற்காட்டு ஏரிக்கரையில் பசியாவரம் போன்ற மீனவ ஊரில் பந்து வீசும் இளைஞனுக்கு அது பக்கத்து மாவட்டத்தில் இருந்தும் எட்டாத ஒன்று. சென்னைத் தெரு ஆட்டத்தில் ‘மாங்கா’, அதாவது எறிகிறான், என்று ஒரு குரல் எழுந்தால் அவனைக் காக்க 15 பாகை வராது. அவனுக்குப் பயன்படுவது 2000இன் வாசகம்தான். பந்து எறியப்பட்டது என்று நடுவர் கருத வேண்டும்; அதைக் காணும் முதற்பொறுப்பும் மட்டையாளர் முனை நடுவருக்கே உரியது. பந்துவீச்சாளர் முதுகுக்குப் பின் நிற்பவரின் ஐயம் மட்டும் இன்று போதுமானதன்று.