சொல்லில் பிறந்த சமன்பாடு

வேதியியற் சமன்பாடு முதலில் சொல்லாகவே பிறந்தது. 1787-ஆம் ஆண்டில் லவாய்சியே, கித்தோன் தெ மொர்வோ, பெர்த்தோலே, பூர்க்ருவா ஆகிய பிரெஞ்சு அறிஞர் நால்வர் பொருள்களுக்குப் புதிய பெயர்முறை வகுத்தனர். ரசவாதிகள் சூட்டிய மறைபெயர்கள் விலக்கப்பெற்றன. ஒரு சேர்மத்தின் பெயரே அதன் கூறுகளை உரைக்க வேண்டும் என்பது விதியாயிற்று. சொற்களைச் செப்பனிடப் புகுந்த பணியே தம்மை அறியாமல் வேதியியல் நூலாக விரிந்தது என்று 1789-இல் வெளிவந்த தம் நூலின் முன்னுரையில் லவாய்சியே குறிப்பிடுகிறார்.

அந்நூலின் நொதித்தல் பற்றிய இயலில், எவ்வினையிலும் பொருள் புதிதாகத் தோன்றுவதில்லை, வினைக்கு முன்னும் பின்னும் அதன் அளவு ஒன்றே என்று அவர் நிறுவினார். ஆதலின் திராட்சைச் சாறு, கார்பானிக் அமிலமும் ஆல்கஹாலும் சேர்ந்ததற்குச் சமம் என்று எழுதினார். அதில் தனிமக் குறியீடு ஏதுமில்லை. பெயர்களும் சமம் என்னும் துணிவுமே இருந்தன.

குறியீடுகள் பின்னர் வந்தன. டால்ட்டன் அணுக்களை வட்டங்களால் வரைந்தார். 1813-14-இல் பெர்சீலியசு தனிமங்களின் இலத்தீன் பெயர்களின் முதலெழுத்துகளைக் குறியீடுகளாக்கினார்.

எனினும் கணக்குச் சமனாவது மட்டுமே உண்மைக்குச் சான்றாகாது. ஓர் ஹைட்ரஜன் அணுவும் ஓர் ஆக்சிஜன் அணுவும் சேர்ந்து நீராகும் என்றார் டால்ட்டன். இருபுறமும் சமன்; ஆயினும் பிழை. இரு பங்கு ஹைட்ரஜனும் ஒரு பங்கு ஆக்சிஜனும் கூடி இரு பங்கு நீராவி ஆவதை 1808-இல் கே-லுசாக் காட்டினார். அதன் காரணத்தை 1811-இல் அவகாத்ரோ விளக்கினார். அறிஞருலகம் பெரிதும் செவிசாய்க்கவில்லை. 1860-இல் கார்ல்சுரூ மாநாட்டில் கானிசாரோ எடுத்துரைத்த பின்னரே அக்கருத்து நிலைபெறத் தொடங்கியது.

இன்று, 'குளுக்கோசு நொதித்து எத்தில் ஆல்கஹாலும் கார்பன் டை ஆக்சைடும் ஆகிறது' என்னும் தொடரை மாணவன் சமன்பாடாக்குகிறான். குளுக்கோசு மூலக்கூற்றில் கார்பன் 6, ஹைட்ரஜன் 12, ஆக்சிஜன் 6. ஆல்கஹாலில் இவை முறையே 2, 6, 1. கார்பன் டை ஆக்சைடில் கார்பன் 1, ஆக்சிஜன் 2. ஹைட்ரஜன் 12 ஆக வேண்டுமாயின் ஆல்கஹால் மூலக்கூறுகள் இரண்டு வேண்டும். எஞ்சும் 2 கார்பனும் 4 ஆக்சிஜனும் கார்பன் டை ஆக்சைடு இரண்டாகின்றன. எடையும் ஒத்துவரும்: 180 கிராம் குளுக்கோசு, 92 கிராம் ஆல்கஹாலும் 88 கிராம் கார்பன் டை ஆக்சைடும் ஆகிறது.

இங்கு மீறலாகாத விதி ஒன்றுண்டு. மூலக்கூறுகளின் எண்ணிக்கையை மாற்றலாம். மூலக்கூற்றின் அமைப்பை மாற்றலாகாது. கணக்குக்காக நீரில் ஓர் ஆக்சிஜன் அணுவைக் கூட்டினால் அது நீராயிராது. ஹைட்ரஜன் பெராக்சைடு ஆகிவிடும். யாப்புக்காகச் சொல்லின் பொருளைத் திரிக்க ஒவ்வாத புலவர்க்கு இவ்விதி புதியதன்று.