அரசாணை 111: ஐதராபாத்தின் குடிநீர் ஏரிகளும் இயற்றப்படாத ஒரு சட்டமும்

1908 செப்டம்பர் 28 அன்று மூசி ஆறு ஐதராபாத் நகருக்குள் புகுந்தது. 15,000 பேர் வரை மாண்டதாகச் சொல்லப்படுகிறது. அடுத்த ஆண்டே ஆறாம் நிஜாமின் அரசு பொறியாளர் விசுவேசுவரய்யாவை அழைத்தது. நகருக்கு மேற்புறத்தில் அணைகள் எழுப்பி வெள்ளத்தைத் தேக்க வேண்டும் என்றார் அவர். மூசியின் குறுக்கே உஸ்மான் சாகர் 1920இலும், அதன் துணையாறான ஈசியின் குறுக்கே இமாயத் சாகர் 1927இலும் எழுந்தன. வெள்ளத்தைத் தடுக்கப் பிறந்த ஏரிகள் நகரின் குடிநீர் ஏரிகளாகவும் ஆயின. உஸ்மான் சாகரின் நீர் பம்பு எதுவும் இல்லாமல் நிலத்தின் சரிவிலேயே ஓடி ஆசிப் நகர் வடிகட்டுமிடத்தை அடைந்தது. ஏரிக்கரை ஊரின் பெயரால் ‘கண்டிப்பேட் தண்ணீர்’ என்று பழைய ஐதராபாத்காரர்கள் இன்றும் பெருமையாகச் சொல்வது இதைத்தான்.

அறுபது எழுபது ஆண்டுகள் இந்த ஏரிகளுக்குத் தனிக் காவல் தேவைப்படவில்லை. மழைநீர் வடிந்து வந்த நிலமெல்லாம் வயலும் மேய்ச்சல் காடுமாக இருந்தன. நகரம் மேற்கிலும் தெற்கிலும் விரிந்து அந்த நிலத்தைத் தொட்டபோதுதான் சிக்கல் முளைத்தது. கையில் இருந்தது 1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டம். அது ஆலைக்கு ஆலை இசைவு கொடுத்து, வெளியேறும் கழிவை அளந்து பார்க்கும் சட்டம். ஏரிக்கோ கழிவுக் குழாய் மட்டும் பகையல்ல. பத்துக் கிலோமீட்டருக்கு அப்பால் மண்ணில் சிந்தியது அடுத்த மழையில் ஓடைவழி ஏரிக்கு வந்துவிடும். நிலத்தைக் கான்கிரீட்டால் மூடினாலோ நல்ல நீரின் வரத்தே குறைந்துபோகும். காக்க வேண்டியது கரையை மட்டுமல்ல, நீர்ப்பிடிப்புப் பகுதி முழுவதையும்.

ஆந்திரப் பிரதேச அரசு இதை உணர்ந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 1994 மார்ச் 31இல் அரசாணை 192ஐயும், வல்லுநர் குழுவின் ஆய்வுக்குப் பிறகு 1996 மார்ச் 8இல் அரசாணை 111ஐயும் அது பிறப்பித்தது. ஏரிகளின் முழுக் கொள்ளளவு மட்டத்திலிருந்து 10 கிலோமீட்டர் வரை மாசுபடுத்தும் ஆலைகள், பெரிய ஓட்டல்கள், குடியிருப்புக் காலனிகள் ஆகியவை கூடாது என்றது இரண்டாவது ஆணை. 84 கிராமங்கள் பட்டியலில் இடம்பெற்றன; பரப்பு ஏறத்தாழ 1.32 லட்சம் ஏக்கர். புதிய மனைப்பிரிவுகளில் 60 விழுக்காடு திறந்தவெளியாகவும் சாலையாகவும் இருக்க வேண்டும் என்ற அளவுக்கு நுணுக்கமான ஆணை அது. ஆயினும் அது ஆணைதான். சட்டமன்றத்தில் விவாதித்து நிறைவேற்றியதன்று. தலைமைச் செயலகத்தில் எழுதப்பட்டது. எழுதியவர்களே அழிக்கவும் முடியும்.

அழிக்கும் முயற்சிக்கு ஓராண்டுக்குச் சற்று மேல்தான் ஆனது. ஷம்ஷாபாத்தை ஒட்டிய பெத்தஷாபூரில் ஆமணக்கெண்ணெயிலிருந்து வேதிப்பொருள்கள் தயாரிக்க ஒரு நிறுவனம் நிலம் வாங்கியிருந்தது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இசைவு தர மறுத்தது. அரசு 1997 ஜூலையில் அந்த ஒரே நிறுவனத்துக்கு மட்டும் 10 கிலோமீட்டர் விதியிலிருந்து விலக்களித்தது! மாசு வராத தொழில்நுட்பம் எங்களிடம் உண்டு என்று நிறுவனம் சொன்னதை மேல்முறையீட்டு ஆணையம் ஏற்றுக்கொண்டது. உயர் நீதிமன்றமும் 1998இல் அதையே உறுதிசெய்தது. வாரியம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. ஓர் அரசு வாரியம் தன் அரசின் விலக்கையே எதிர்த்துக் கடைசிவரை வழக்காடியது அரிய நிகழ்வு.

இவ்விடத்தில் தமிழ்நாடு கதைக்குள் வருகிறது. பாலாற்றுத் தோல் பதனிடும் ஆலைகள் தொடர்பான வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில், 1996 ஆகஸ்டில், உச்ச நீதிமன்றம் முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டை இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்றிருந்தது. கேடு வரும் என்று எதிர்ப்பவர் நிறுவ வேண்டியதில்லை, கேடில்லை என்று ஆலைக்காரரே மெய்ப்பிக்க வேண்டும் என்பதும் அத்தீர்ப்பின் கூறு. நீர்நிலைகளிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் மாசுபடுத்தும் ஆலைகள் தொடங்குவதைத் தடுத்த தமிழ்நாட்டின் 1989ஆம் ஆண்டு அரசாணை 213 அந்த வழக்கில் இடம்பெற்றது. அதுவும் அரசாணைதான் என்பதைக் குறித்துக்கொள்வோம். வேலூர்த் தீர்ப்பின் கோட்பாட்டை 1999 ஜனவரியில் ஐதராபாத் ஏரிகளுக்கு விரித்துப் பொருத்தியவர் நீதிபதி ஜகந்நாத ராவ். 2000 டிசம்பர் 1இல் வந்த இரண்டாம் தீர்ப்பு விலக்கைச் செல்லாததாக்கியது. தூய குடிநீர் அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமைக்குள் அடங்கும். லட்சக்கணக்கானோர் குடிக்கும் நீரைப் பணயம் வைத்து ஒரு நிறுவனத்துக்கு அரசு சலுகை தர இயலாது என்பது அதன் சாரம்.

சூழலியலாளர் இத்தீர்ப்பைக் கொண்டாடுவது நியாயமே. ஆனால் அதன் எல்லையை நுணுகிப் பார்த்தவர் குறைவு. ஆணை நடைமுறையில் இருக்கும்போது ஒருவருக்கு மட்டும் வாயிலைத் திறந்துவிடுவதைத்தான் தீர்ப்பு தடுத்தது. வேலியையே பிடுங்கிவிட்டால் என்ன என்ற கேள்வி அந்த வழக்கில் எழவில்லை.

சட்டத்தின் வழியே நீர்ப்பிடிப்புப் பகுதிகளைக் காத்த இடங்கள் உண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம், பாஸ்டன் வட்டாரத்துக்குக் குடிநீர் தரும் நீர்த்தேக்கங்களுக்காக 1992இல் நீர்ப்பிடிப்புப் பாதுகாப்புச் சட்டமே இயற்றியது. நீர்த்தேக்கத்திலிருந்து 400 அடி, துணையோடைகளிலிருந்து 200 அடி என்று சட்டத்திலேயே எல்லை வகுத்தது. தூரத்தில் அது ஐதராபாத்தின் ஆணையைவிடச் சிறிது, உறுதியில் பெரிது. சட்டத்தையும் மாற்றலாம்தான், ஆனால் அவையில் எழுந்து நின்று காரணம் சொல்லி மாற்ற வேண்டும். இந்திய அரசியலமைப்பில் நீர் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. இப்படியொரு சட்டம் இயற்ற மாநிலச் சட்டமன்றத்துக்குத் தடையில்லை. நடுவண் அரசின் 2017ஆம் ஆண்டு ஈரநில விதிகளோ, குடிநீருக்கென்றே மனிதர் கட்டிய நீர்நிலைகளை ‘ஈரநிலம்’ என்ற வரையறையிலிருந்தே விலக்கிவிட்டன. குடிக்கும் நீர் என்பதே பாதுகாப்பை இழக்கக் காரணமாகும் விந்தையை வேறெங்கே காண்பது?

84 கிராமத்து உழவர்களின் குறையையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. பக்கத்து ஊரில் நிலவிலை பலமடங்கு ஏறியபோது இவர்களது நிலம் முடங்கிக் கிடந்தது. நகரம் குடித்த நீருக்கான விலையை இவர்கள் கொடுத்தார்கள். ஆணையில் அதற்கு ஈடு எதுவும் இல்லை. அதே நிலத்தில் வசதி படைத்தவர்களின் பண்ணை வீடுகள் மட்டும் எழும்பிக்கொண்டிருந்தன. ஆணையை நீக்கு என்ற குரல் கிராமங்களிலிருந்து வந்ததில் வியப்பில்லை.

2022 ஏப்ரல் 12இல், மாநிலப் பிரிவினைக்குப் பின் அமைந்த தெலங்கானா அரசு ஆணை 69ஐ வெளியிட்டு அரசாணை 111இன் கட்டுப்பாடுகளை அகற்றியது. நகரின் நீர்த் தேவையில் இந்த ஏரிகளின் பங்கு முன்பு 27 விழுக்காட்டுக்கு மேல், அப்போது 1.25 விழுக்காட்டுக்கும் குறைவு என்பது அரசு சொன்ன காரணம். கணக்கு சரிதான். ஆனால் நகரம் பெருத்து, 100 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து கிருஷ்ணா நீரையும் கோதாவரி நீரையும் மின்சாரம் செலவிட்டு ஏற்றிக்கொண்டுவரத் தொடங்கியபின் எந்த ஏரியின் பங்கும் சிறுத்துத்தான் தெரியும். 1908இன் நினைவும் அந்தக் கணக்கில் இல்லை; 2020 அக்டோபர் பெருமழையில் இமாயத் சாகரின் மதகுகளைத் திறக்க நேர்ந்தது அந்த ஆணைக்கு ஒன்றரை ஆண்டு மட்டுமே முந்தைய செய்தி. 2023 மே மாதம் பழைய ஆணையை முற்றாகவே நீக்குவதென அமைச்சரவை முடிவெடுத்தது.

ஏரிநீரின் தரம் கெடக் கூடாது என்ற நிபந்தனையும் ஆணை 69இல் உண்டு. அதற்கான வழிமுறைகளை வகுக்கத் தலைமைச் செயலாளர் தலைமையில் ஒரு குழுவை அதே ஆணை அமைத்தது. 1996இல் முதலில் வல்லுநர் குழு ஆராய்ந்தது, பிறகு ஆணை வந்தது. 2022இல் கட்டுப்பாடு முதலில் போனது. எப்படிக் காப்பது என்று ஆராயும் வேலை அதற்குப் பின்புதான் குழுவிடம் போனது.