ஜனாதிபதியின் மறுப்பும் மகாசபையின் உறுதியும்

அமெரிக்க ஐக்கிய நாட்டில் காங்கிரஸ் மகாசபை நிறைவேற்றும் மசோதாக்கள் ஜனாதிபதியின் கையொப்பத்திற்கு அனுப்பப்படுகின்றன. அவர் உடன்படாராயின், ஞாயிறு நீங்கலாகப் பத்து நாட்களுக்குள் தம் ஆட்சேபங்களை எழுதித் திருப்பியனுப்பலாம். இதனை ‘வீட்டோ’ என்பர். இரு சபைகளும் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளால் அதனை மீண்டும் நிறைவேற்றினால், ஜனாதிபதியின் மறுப்பு செல்லாது. இவ்விதி 1866-ஆம் ஆண்டில் எத்துணைப் பெரிய காரியத்திற்கு உதவிற்றென்பதை நம் அன்பர்கள் அறிதல் நலமெனக் கருதுகிறோம்.

1865-இல் லிங்கன் கொலையுண்டபின், உபஜனாதிபதியாயிருந்த ஆண்ட்ரூ ஜான்ஸன் அப்பதவியை ஏற்றார். இளமையில் தையற்றொழில் செய்து வறுமையினின்று உயர்ந்தவர் இவர். அவ்வாண்டின் இறுதியில் அடிமைத்தனம் சட்டப்படி ஒழிந்தது. ஆயினும் தென் மாகாணங்கள் அதனை வேறு பெயரால் நிலைநாட்ட முற்பட்டன. மிஸிஸிப்பியில், விடுதலையடைந்த கறுப்பர் ஒவ்வொருவரும் தமக்கு வேலையுண்டென்பதற்கு ஆண்டுதோறும் ஜனவரியில் எழுத்துச் சான்று வைத்திருத்தல் வேண்டும். வேலையற்றுத் திரிபவரென அபராதம் விதிக்கப்பட்டு, அதைச் செலுத்த இயலாதவர் பிறரிடம் கூலிக்கு விடப்பட்டனர். பெயர்தான் மாறிற்று, விலங்கு மாறவில்லை.

இதனைத் தடுக்கவே செனட்டர் லைமன் டிரம்புல் ஒரு மசோதாவைக் கொணர்ந்தார். வரி செலுத்தாத செவ்விந்தியரும் அந்நிய அரசுக்கு உட்பட்டோரும் நீங்கலாக, அந்நாட்டிற் பிறந்தார் அனைவரும் குடிகளே. ஒப்பந்தம் செய்யவும், வழக்காடவும், சாட்சி சொல்லவும், சொத்துடைமை கொள்ளவும் நிறவேற்றுமையின்றி உரிமையுடையர் என்பது அதன் சாரம்.

மார்ச் 27-இல் ஜான்ஸன் கையொப்பமிட மறுத்தார். முப்பத்தாறு மாகாணங்களுள் பதினொன்றுக்குச் சபையில் பிரதிநிதிகள் இல்லாத வேளையில் இத்தகைய சட்டம் தகாதென்றார். இது முற்றும் வெற்றுரையென்று நாம் தள்ளமாட்டோம். ஆனால், அந்நிய நாட்டார் குடியுரிமை பெற ஐந்தாண்டுகள் காத்திருக்க, இவர்க்கு உடனே அளிப்பதா என்றும் வினவினாரே! அம்மண்ணிலேயே பிறந்து, தலைமுறை தலைமுறையாக அம்மண்ணையே உழுதவரை நோக்கி இவ்வாறு கேட்க மனம் எங்ஙனம் துணிந்ததோ!

முன்னரே பிப்ரவரியில் அவர் வேறொரு மசோதாவை மறுத்தபோது, செனட்டில் 30-க்கு 18 என வாக்கு விழுந்து, இரண்டு வாக்குக் குறைவால் மறுப்பே நிலைத்தது. இம்முறை ஏப்ரல் 6-இல் 33-க்கு 15. வேண்டியதற்கு ஒரே வாக்கு மிகுதி. ஏப்ரல் 9-இல் பிரதிநிதிகள் சபையில் 122-க்கு 41. ஜனாதிபதியின் கையொப்பமின்றியே மசோதா சட்டமாயிற்று. முக்கியமான சட்டமொன்று இவ்வாறு நிறைவேறியது அந்நாட்டில் அதுவே முதன்முறை.

ஒரு காங்கிரஸ் இயற்றிய சட்டத்தைப் பின்வரும் காங்கிரஸ் நீக்கக்கூடுமன்றோ? அதனால் அவ்வுரிமையை அரசியலமைப்பிலேயே பொறிக்க முயன்றனர். அமைப்புத் திருத்தத்திற்கு ஜனாதிபதியின் கையொப்பம் வேண்டுவதில்லை. பதினான்காம் திருத்தம் 1868-இல் மாகாணங்களின் இசைவு பெற்றது.