குமார்துலி மண்ணீட்டாளரும் புளியங்கொட்டைப் பசையும்

சிலப்பதிகாரத்தில் இந்திரவிழவு ஊரெடுத்த காதையைப் படித்தவர்களுக்கு, புகார் நகரத்து மருவூர்ப்பாக்கத்தில் 'மண்ணீட்டாளர்' என்று ஒரு தொழிலாளர் கூட்டம் இருந்தது நினைவிருக்கும். மண்ணால் உருச் செய்பவர் என்று பொருள். பச்சை மண்ணில் செய்தது நூற்றாண்டுகள் தாண்டி நிற்குமா? ஆனால் அந்தத் தொழிலைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றால், நம்மவர் நிறையப் பேர் குடியிருக்கும் லேக் மார்க்கெட்டிலிருந்து வடக்கே ஷோபாபஜார் வரை போனால் போதும். அங்கேதான் குமார்துலி.

1757-ல் பிளாசிப் போர் முடிந்ததும் கம்பெனியார் புதுக் கோட்டைக்காகக் கோவிந்தபூரைக் காலி செய்தார்கள். தொழில்வாரியாகக் குடியிருப்பு ஒதுக்கியதில் குயவர்க்குக் கிடைத்த இடம் இது. அதே ஆண்டு ஷோபாபஜார் நவகிருஷ்ண தேவ் தம் மாளிகையில் துர்கா பூஜையைப் பெரிதாக நடத்தினார். நதியா மாவட்டத்துக் கிருஷ்ணநகரிலிருந்து சிற்பிகள் வந்து சேர்ந்தார்கள். 1947 பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்கத்திலிருந்தும் வந்தார்கள். 2021-ல் கொல்கத்தா துர்கா பூஜையை யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. இதெல்லாம் பலரும் எழுதியாச்சு. நான் சொல்ல வந்தது விரிசலைப் பற்றி.

சில வருஷங்களுக்கு முன் சரஸ்வதி பூஜைக்காகப் பேரனுக்கு ஒரு சிறு பிரதிமை வாங்கினேன். (சமணர்க்கும் வாக்தேவி உண்டு, அன்பர்கள் வியக்க வேண்டாம்.) பூஜைக்கு இரண்டு நாள் முன் கழுத்தில் ஒரு வெடிப்பு. "தாத்தா, கழுத்து வெடிச்ச சாமிகிட்ட புஸ்தகம் வைக்க மாட்டேன்" என்று அழுதான். கங்கை மண்ணைக் கெட்டியாகப் பிசைந்து நானே அடைத்தேன். காலையில் பார்த்தால் ஒரு விரிசல் இருந்த இடத்தில் இரண்டு!

குமார்துலிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். வயதான சிற்பி ஒருவர் பார்த்துவிட்டுச் சிரித்தார். "தாதா, காய்ந்த மண்ணில் ஈர மண்ணை வைத்தால், பழையது தண்ணீரை உறிஞ்சிவிடும். புதியது சுருங்கும். இரண்டு ஓரமும் விட்டுப்போகும்" என்றார். மூங்கில் சட்டத்தில் வைக்கோலைச் சணல் கயிற்றால் கட்டி, உமி கலந்த ஒட்டு மண்ணை முதலில் பூசுகிறார்கள். இதற்கு 'எண்டேல் மாட்டி' என்று பெயர். மேலே நைசான மணல் கலந்த 'பேலே மாட்டி'. ஒட்டு மண் காயக் காயச் சுருங்கும். உமியும் வைக்கோலும் அதைப் பிடித்து நிறுத்தும். நம்மூர் மண்சுவரிலும் இதே யுக்திதானே! அப்படியும் கழுத்து, அக்குள், மணிக்கட்டு ஆகிய இடங்களில் வெடிப்பு வரத்தான் செய்யும். அவர்களுக்கு விரிசல் அடைப்பது பழுதுபார்ப்பு இல்லை, வேலையில் ஒரு படி.

நான் அப்பியதை முதலில் சுரண்டி எடுத்தார். தூசியைத் தட்டி, ஓரங்களை லேசாக நனைத்தார். பேலே மாட்டியை மோர் பதத்தில் கரைத்து, பழைய பருத்தி வேட்டியில் கிழித்த துண்டை அதில் முக்கி, வெடிப்பின் குறுக்கே ஒட்டினார். மேலே மறுபடி மெல்லிய பூச்சு, ஈர விரலால் ஒரு தடவல். துணி சுருங்காது, இரண்டு பக்கத்தையும் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். காய்ந்தபின் சுண்ணக்கட்டி வெள்ளையும் அதன்மேல் வண்ணமும் பூசினார்.

அந்த வெள்ளையில் ஏதோ பழகிய வாசனை. கேட்டேன். புளியங்கொட்டையை வறுத்து, தோல் நீக்கி, ஊறவைத்துக் காய்ச்சிய பசையாம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தஞ்சாவூர் ஓவியப் பலகையில் துணி ஒட்டவும் இதே பசைதான். 1984-ல் இந்த ஊருக்கு வந்ததிலிருந்து நான் விற்ற சரக்கு புளியங்கொட்டை மாவு. சணல் ஆலைகளில் நூலுக்குக் கஞ்சி போட வாங்குவார்கள். சாமி உடம்பிலும் அது ஏறுகிறது என்பது அதுவரை தெரியாது.

"நாளன்றைக்குக் கரைக்கப் போகிறோமே, இத்தனை மெனக்கெடணுமா?" என்று கேட்டேன். "அதுவரைக்கும் தேவிதானே" என்றார். காசு வாங்கவில்லை. அடுத்த முறை வரும்போது இரண்டு கிலோ மாவு, பொடி நைசாக, கொண்டுவரச் சொன்னார்.