மோட்டார் சைக்கிள் சங்கிலி மசகு

மோட்டார் சைக்கிள் சங்கிலி மசகு என்பது எஞ்சினின் ஆற்றலைப் பின்சக்கரத்துக்குக் கடத்தும் உருளைச் சங்கிலியின் தேய்மானத்தையும் துருவையும் குறைக்க இடப்படும் எண்ணெய். தமிழகத்தில் மாட்டுவண்டி அச்சுக்கு மையிட்ட பழக்கம், பிரிட்டிஷ் வண்டிகளின் வருகை, உள்நாட்டுச் சங்கிலித் தொழில் ஆகியவை இதன் வரலாற்றோடு தொடர்புடையவை.

வண்டி மை

மாட்டுவண்டியின் இரும்பு அச்சுக்கும் குடத்துக்கும் இடையே உராய்வைக் குறைக்க வண்டி மை இடப்பட்டது. வைக்கோலைக் கரித்து, அந்தக் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து இதைச் செய்தனர். நெடுந்தொலைவு செல்லும் வண்டிகளின் அடியில் மை நிரப்பிய மூங்கில் குழாய் தொங்கும். விளக்கெண்ணெய் உலோகத்தின் மேல் நன்றாகப் பற்றிக்கொள்ளும். கரி அதைத் தடிப்பாக்கி, வழிந்தோடாமல் நிறுத்தும்.

இங்கிலாந்தில் சார்லஸ் வேக்ஃபீல்டின் நிறுவனம் 1909ல் அறிமுகப்படுத்திய காஸ்ட்ரால் எண்ணெய்க்கு ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்தே பெயர் வந்தது. முதல் உலகப்போர்க்கால விமான எஞ்சின்களிலும் விளக்கெண்ணெய் பயன்பட்டது. நாளடைவில் காற்றுபட்டுப் பிசினாக இறுகுவது அதன் குறை.

உருளைச் சங்கிலி

மான்செஸ்டரில் தொழில் நடத்திய ஹான்ஸ் ரெனால்ட் 1880ல் உருளைச் சங்கிலிக்குக் காப்புரிமை பெற்றார். 1885ல் வெளிவந்த ரோவர் சைக்கிள், சங்கிலி மூலம் பின்சக்கரத்தை இயக்கும் அமைப்பைப் பரவலாக்கியது. தொடக்ககால மோட்டார் சைக்கிள்களில் தோல் பட்டை இருந்தது. மழையில் அது வழுக்கியதால் சங்கிலி அதன் இடத்தைப் பிடித்தது.

உருளைச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் ஊசி, அதைச் சூழ்ந்த புஷ், அதன்மேல் சுழலும் உருளை ஆகியவை உள்ளன. சங்கிலி பற்சக்கரத்தில் வளையும்போது ஊசி புஷ்ஷுக்குள் திரும்புகிறது. அங்கே ஏற்படும் தேய்மானமே ‘செயின் லூசாகிவிட்டது’ என்று சொல்லப்படும் நீட்சி. இரும்புத் தகடு நீள்வதில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட மூட்டுகளின் சிறு தேய்மானங்கள் சேர்ந்து மொத்த நீளத்தைக் கூட்டுகின்றன. ஆகவே மசகு சென்றுசேர வேண்டிய இடம் வெளியே தெரியும் தகடு அல்ல, உள்ளே மறைந்திருக்கும் மூட்டு. அகன்ற, மெதுவாகச் சுழலும் வண்டி அச்சுக்குப் பொருந்திய தடித்த மை சங்கிலிக்குப் பொருந்தாததன் காரணம் இதுவே.

இந்தச் சிக்கலுக்குப் பிரிட்டனில் இரு தீர்வுகள் இருந்தன. சன்பீம் வண்டிகளில் சங்கிலி முழுவதும் எண்ணெய்ப் பெட்டிக்குள் ஓடியது. மற்றவர்கள் சங்கிலியைக் கழற்றி, கிராஃபைட் கலந்த கிரீஸை டப்பாவில் உருக்கி அதில் அமிழ்த்தினர். சூட்டில் நீர்த்த கிரீஸ் மூட்டுக்குள் இறங்கி, ஆறியபின் அங்கேயே உறைந்தது.

தமிழகத்தில்

1955ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் ராயல் என்ஃபீல்டுடன் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது. திருவொற்றியூரில் புல்லட் உருவானது. புல்லட்டில் எஞ்சினையும் கிளட்சையும் இணைக்கும் முதன்மைச் சங்கிலி எண்ணெய்ப் பெட்டிக்குள் ஓடும். பின்சங்கிலியோ புழுதிக்கும் மழைக்கும் திறந்தே இருந்தது. 1960ல் தொடங்கப்பட்ட டி.ஐ. டைமண்ட் செயின் நிறுவனம் சென்னையிலும், ரோலான் என்ற பெயரில் எல்.ஜி.பி. நிறுவனம் கோவையிலும் சங்கிலிகளைத் தயாரித்தன. 1985ல் வந்த ஹீரோ ஹோண்டா சி.டி. 100 போன்ற வண்டிகளின் முழுச் செயின் கவர், புழுதியைத் தடுத்து மசகின் ஆயுளை நீட்டித்தது.

திருப்புட்குழி

காஞ்சிபுரத்துக்கு மேற்கே, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்த ஊர் திருப்புட்குழி. ஜடாயுவுக்கு ராமன் இறுதிக்கடன் செய்த இடம் என்பது தலபுராணம். இங்குள்ள விஜயராகவப் பெருமாள் கோயில் 108 திவ்யதேசங்களில் ஒன்று. மூட்டுகள் அசையும் குதிரை வாகனம் இக்கோயிலின் சிறப்பு. அதைச் செய்த சிற்பி வேறெவருக்கும் அப்படி ஒன்றைச் செய்து தர மறுத்து உயிர்விட்டதாக மரபுக்கதை உண்டு.

மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில் ஒரகடத்தில் 2013லும் வல்லம் வடகாலில் 2017லும் ராயல் என்ஃபீல்டு ஆலைகள் உற்பத்தியைத் தொடங்கின. நெடுஞ்சாலையில் வேகமாகச் செல்லும் வண்டியில் தேய்ந்த சங்கிலி அறுந்தால் அது பின்சக்கரத்தை இறுக்கி வண்டியைக் கவிழ்க்கக்கூடும். கண்டபடி பூசிய எண்ணெய் டயரில் தெறித்தால் வண்டி வழுக்கும். நெசவாளர் பின்னிருக்கையில் கொண்டுசெல்லும் பட்டில் தெறித்தால் கறை போகாது.

மசகுத் தேர்வு

* கியர் ஆயில்: எஸ்.ஏ.இ. 80 அல்லது 90 தரம். வண்டிக் கையேடுகள் பலவற்றின் பரிந்துரை. மூட்டுக்குள் இறங்கும், விலை குறைவு. தெறிக்கும் என்பதால் மிகுதியைத் துடைக்க வேண்டும்.
* செயின் ஸ்பிரே: நீர்த்த கரைப்பான் மசகை உள்ளே கொண்டுசென்று ஆவியாகிவிடும். எஞ்சும் மசகு ஒட்டி நிற்கும்.
* கிரீஸ்: வெளியிலேயே தங்கி மணலைப் பிடிக்கும். மணலும் கிரீஸும் சேர்ந்தால் அரம்போல அராவும்.
* பழைய எஞ்சின் ஆயில்: பட்டறைகளில் இலவசமாகக் கிடைக்கும். ஆனால் அதில் கரியும் உலோகத்துகளும் அமிலமும் கலந்திருக்கும்.
* டபிள்யூ.டி. 40: 1953ல் அமெரிக்காவில் ஈரத்தை விலக்குவதற்காக உருவானது. சங்கிலியில் நீடித்து நிற்கும் மசகு அல்ல.

1970களில் ஓ-ரிங் சங்கிலிகள் பரவின. இவற்றில் ஊசிக்கும் புஷ்ஷுக்கும் இடையே ஆலையிலேயே கிரீஸ் அடைக்கப்பட்டு, ரப்பர் வளையத்தால் மூடப்படுகிறது. வெளியே இடும் எண்ணெய் உருளைக்கும் வளையத்துக்கும் மட்டுமே. பெட்ரோலும் கம்பித் தூரிகையும் வளையத்தைக் கெடுக்கும். மண்ணெண்ணெய் போதுமானது.

ஏறத்தாழ 500 கிலோமீட்டருக்கு ஒருமுறையும், மழையில் ஓட்டிய பின்னரும் மசகிடுவது வழக்கம். ஓடி நின்ற வண்டியில், சங்கிலி வெதுவெதுப்பாக இருக்கும்போது, கீழ்ப்புறச் சங்கிலியின் உட்பக்கத்தில் இட வேண்டும். சக்கரம் சுழலும்போது எண்ணெய் வெளிநோக்கிச் செல்கையில் மூட்டுகளின் வழியாகவே செல்லும். எஞ்சினை ஓடவிட்டுச் சங்கிலியைத் துடைப்பது விரல்களைப் பறித்துவிடும். வண்டியை நடுஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைக் கையால் சுற்றியே இதைச் செய்ய வேண்டும்.